கஸ்டமர் என்ன எக்செல் வைத்திருக்கிறார்?

2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. விண்டோஸ் 10, ஆஃபிஸ் 2016, ஆஃபிஸ் 2019 மூன்றையும் மைக்ரோசாஃப்ட் ஒரே நாளில் கைகழுவிவிட்டது. இனிமேல் இவற்றில் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் வராது என்பதுதான் அறிவிப்பின் சாரம். சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் திரும்பினால், ஆப்பூர் தாண்டி ஒரகடம் போகும் வழியிலும் கிளைச் சாலைகளிலும் பிரஸ் ஷாப், பவுடர் கோட்டிங், சி.என்.சி. ஜாப் ஒர்க், லேபர் கான்ட்ராக்ட் என்று சின்னச் சின்ன நிறுவனங்கள். அவற்றின் முன்னறைகளில், கைகழுவப்பட்ட அதே கம்ப்யூட்டர்கள் புதன்கிழமை காலையும் ஆன் ஆயின. இன்வாய்ஸ் அடித்தன, இ-வே பில் எடுத்தன, வண்டி கிளம்பியது. சிக்கலே இதுதான். பிரஸ் மெஷின் நின்றுபோனால் முதலாளியிடம் கொட்டேஷனில் கையெழுத்து வாங்குவது ஐந்து நிமிட வேலை. ஓடிக்கொண்டிருக்கிற சாஃப்ட்வேரை மாற்ற வேண்டும் என்றால், ‘நல்லாத்தானே ஓடுது, அதுக்கு என்ன கேடு?’ என்பார். அவ்வப்போது வந்து டோனர் மாற்றி, வைரஸ் ஸ்கேன் ஓட்டிவிட்டுப் போகும் ஏ.எம்.சி. பையனிடம் இதற்குப் பதில் கிடையாது. ‘சார், அது எண்ட் ஆஃப் லைஃப் ஆயிடுச்சு’ என்று மட்டும் சொல்வான். கண்ணெதிரே உயிரோடு இருக்கிற ஒன்றுக்கு மரணச் சான்றிதழ் காட்டி எந்த முதலாளியிடமும் செக் வாங்க முடியாது.

புது வெர்ஷன் வேண்டும் என்பவர்கள் வசதிகளின் பட்டியலோடு வருவார்கள். வேண்டாம் என்பவர்கள், பழையதிலேயே பத்தில் ஒரு பங்கு வசதியைக்கூட நாம் தொட்டதில்லை என்பார்கள். இரண்டு கட்சியும் சொல்வது உண்மை. இரண்டாலும் ஒரு பயனும் இல்லை. ஏனென்றால் இந்த வட்டாரத்தில் எந்த எக்செல் வேண்டும் என்பது நம் ஆபீசுக்குள் முடிவாகிற விஷயமே அல்ல. இங்கே ஒவ்வொருவருக்கும் மேலே ஒரு கஸ்டமர், கீழே ஒரு வெண்டார். கார் கம்பெனிக்குக் கீழே டயர் ஒன், அதற்குக் கீழே டயர் டூ, அதற்கும் கீழே ஷீட் போட்ட கூரையில் இரண்டு லேத்தோடு ஒரு டயர் த்ரீ. இரும்பு கீழிருந்து மேலே போகிறது. எக்செல் மேலிருந்து கீழே வருகிறது. நாம் செய்து கொடுக்கும் பிராக்கெட்டின் அளவை நாமா தீர்மானிக்கிறோம்? டிராயிங் மேலிருந்து வருகிறது. சாஃப்ட்வேரின் வெர்ஷனும் அப்படித்தான் வருகிறது. டிராயிங்கில் எழுதியிருக்காது, அவ்வளவுதான். ஆகவே ‘அப்கிரேட் பண்ணலாமா?’ என்ற கேள்வியை எடுத்துவிட்டு, ‘நமக்கு ஃபைல் அனுப்புகிறவர், நாம் அனுப்பும் ஃபைலைத் திறக்கிறவர், இவர்கள் எதில் இருக்கிறார்கள்?’ என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி. சிறந்த வெர்ஷன் எது என்ற ஆராய்ச்சியை பெங்களூர்க்காரர்களுக்கு விட்டுவிடலாம்.

மேலிருந்து வந்தது எவ்வளவு நிலையானது என்பதற்கு 8டி ரிப்போர்ட்டைப் பாருங்கள். அனுப்பிய பார்ட்டில் குறை என்று லைனிலிருந்து திரும்பி வந்தால், என்ன குறை, உடனடியாக என்ன தடுப்பு, மூல காரணம் என்ன, நிரந்தரத் தீர்வு என்ன என்று எட்டுக் கட்டங்களில் எழுதிக் கொடுக்க வேண்டிய படிவம் அது. 1987-ல் ஃபோர்டு கம்பெனி தன் கையேட்டில் வகுத்த முறை. பிறகு உலகத்து வாகனத் தொழில் முழுக்கப் பரவியது. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அடுத்த ஸ்டேஷனான மறைமலை நகரில் ஃபோர்டு கார் செய்வதை 2022-ல் நிறுத்திவிட்டது. 8டி நிற்கவில்லை. எக்செல்லில் அந்தப் படிவத்தைத் திறந்தால் உள்ளே ஒரு தனி உலகம் இருக்கும். மேலே இடது மூலையில் கஸ்டமர் லோகோ, வலது மூலையில் திருத்த எண், நடுவில் நாற்பது செல்களை மெர்ஜ் செய்து செய்து உருவாக்கிய பெட்டிகள். நல்ல பார்ட் படம் ஒன்று, கெட்ட பார்ட் படம் ஒன்று, கெட்டதைச் சுற்றி சிவப்பு வட்டம். ஐந்து ‘ஏன்’ கேள்விகள். ஐந்தாவது ஏனுக்குப் பதில் பெரும்பாலும் ‘ஆபரேட்டருக்குப் பயிற்சி போதவில்லை’, அதற்கான தீர்வு ‘பயிற்சி அளிக்கப்பட்டது’. இதைக் கஸ்டமர் தன் புது எக்செல்லில் வரைந்து அனுப்புகிறார். நம் பழைய எக்செல் திறக்கிறது. திறக்கும்போதே சிவப்பு வட்டம் கெட்ட பார்ட்டை விட்டு நகர்ந்து நல்ல பார்ட்டின் மேல் உட்கார்ந்துகொள்ளலாம். ஒரு பக்கத்தில் முடிய வேண்டிய படிவம் இரண்டாம் பக்கத்துக்கு வழிந்து, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தனியாக ஒரு ஏ4 தாளில் வரும். இந்தப் பிழைக்கும் ஒரு 8டி எழுதச் சொன்னால் மூல காரணம் என்ன என்று போடுவது?

படமாவது நகர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். ஃபார்முலா விஷயம் அப்படியல்ல. எக்ஸ்லுக்அப் என்ற ஃபார்முலாவை மைக்ரோசாஃப்ட் 2019 ஆகஸ்டில் அறிவித்தது. சந்தா கட்டும் 365-இலும் 2021 பதிப்பிலும் அது உண்டு. 2016-இலும் 2019-இலும் கிடையாது. கஸ்டமரின் பிளானிங் டிபார்ட்மென்டில் உள்ள புது இன்ஜினியர் மாத ஷெட்யூலில் அதைப் போட்டு அனுப்பினால், பழைய எக்செல் அதைத் திறந்ததும் ஒன்றும் முரண்டு பிடிக்காது. கடைசியாகக் கணக்கிட்ட எண்ணை அப்படியே காட்டும். 4,800 பிராக்கெட் என்றால் 4,800. டிஸ்பாட்ச் கிளார்க் அந்த செல்லில் எஃப்2 தட்டி என்டர் அடிக்கும் வரை எல்லாம் க்ஷேமம். அடித்தால் எண் மறைந்து ‘நேம்’ என்று ஒரு கேள்விக்குறியோடு நிற்கும். தொடாத வரை சரி, தொட்டால் போச்சு என்ற இந்த நிலையில், தொடாமல் வேலை செய்யக் கற்றுக்கொள்வதுதான் நம் ஆட்களின் முதல் தீர்வு. மேக்ரோவில் இதற்கு நேர்மாறு. இன்டர்நெட் வழியாக வந்த ஃபைலில் மேக்ரோ இருந்தால் தானாகவே முடக்குவது என்று 2022-ல் மைக்ரோசாஃப்ட் புது வெர்ஷன்களில் கொண்டுவந்தது. கஸ்டமர் மெயிலில் அனுப்பும் படிவமோ மேக்ரோ இல்லாமல் நகராது. ஆக அப்கிரேட் செய்த புத்திசாலிக்குத்தான் சிவப்புப் பட்டை வரும். ஃபைலை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் போய், அன்பிளாக் என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாட்டை மீறுவது எப்படி என்பதுதான் இப்போது புதிதாக வேலைக்குச் சேருகிற கிளார்க்குக்குக் கற்றுத்தரும் முதல் பாடம்.

கஸ்டமருக்கும் மேலே ஒரு கஸ்டமர் உண்டு, அரசாங்கம். ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்காக அரசு தரும் ஆஃப்லைன் டூல், விண்டோஸ் 7-க்கு மேலும் எக்செல் 2007-க்கு மேலும் நன்றாக வேலை செய்யும் என்று தன் குறிப்பில் சொல்கிறது. அதாவது வரி வாங்குகிறவர் 2007-லேயே திருப்தி அடைந்துவிட்டார். அக்கவுண்ட்ஸ் மேஜையிலிருந்து பார்த்தால் இது வலுவான வாதம். மாதம் 14-ஆம் தேதி வரும் ஜி.எஸ்.டி.ஆர். 2பி-யை இறக்கி, டாலியிலிருந்து பர்ச்சேஸ் ரிஜிஸ்டரை எடுத்து, இரண்டையும் விலுக்அப் போட்டு உரசிப் பார்ப்பதுதான் அங்கே நடக்கும் பெரிய கணிதம். நம் கணக்கில் உள்ள பில் 2பி-யில் இல்லை என்றால் இன்புட் கிரெடிட் போச்சு. பாதி வரிகளில் ‘என்.ஏ.’ என்று நிற்கும். காரணம் பழைய எக்செல் அல்ல. சப்ளையர் பில் நம்பரில் சாய்கோடு போட்டிருப்பார், நம் ஆள் டாலியில் சிறுகோடு போட்டிருப்பார். இல்லாவிட்டால் பில் நம்பருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ். இதை எந்த வெர்ஷனும் தானாகச் சரி செய்ததில்லை. 12 இலக்க இ-வே பில் எண்ணை வெறும் செல்லில் ஒட்டினால் 1.71 இ பிளஸ் 11 என்று விஞ்ஞானமாக மாறி நிற்பதும் அன்றைக்கு நடந்ததுதான், இன்றைக்கும் நடக்கிறது. லேபர் கான்ட்ராக்டரிடம் தொழிலாளர்களின் பி.எஃப். எண்ணும் 12 இலக்கம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த நூறு பேரும் அவருடைய ஷீட்டில் ஒரே எண்ணாகத் தெரிவார்கள்.

பழையதே போதும் என்ற இந்த வாதத்துக்கு எதிராக ஒரு பெரிய சாட்சியம் உண்டு. 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 15,841 கோவிட் நோயாளிகளைக் கணக்கில் தொலைத்தது. பரிசோதனைக் கூடங்கள் அனுப்பிய விவரங்களை அவர்கள் பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவ ஷீட்டில் கொட்டினார்கள். அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிச்சம் சத்தமில்லாமல் கீழே உதிர்ந்துவிட்டது. 2007-லிருந்து வரும் புது வடிவத்தில் 10,48,576 வரிகள் உண்டு. பதின்மூன்று வருடமாக மேஜைமேல் இருந்த தீர்வை எடுத்துப் போடாததால் அத்தனை பேரின் தொடர்புகளைத் தேடுவது தாமதமானது. இதைவிட அப்கிரேடுக்கு வேறென்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் கதையைச் சரியாகப் படிக்க வேண்டும். லண்டன் அலுவலகத்தில் யாரும் 2003-ஆம் வருட எக்செல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அனுப்பியவர் ஒரு வடிவில் அனுப்பினார், வாங்கியவர் வேறொரு வடிவில் இறக்கினார், நடுவில் பழைய டெம்ப்ளேட் ஒன்று குந்தியிருந்தது. அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் பழைய வடிவிலேயே இருந்திருந்தால், அந்த வடிவம் நிறைந்த நாளில் அனுப்புகிறவரே முட்டிக்கொண்டு கத்தியிருப்பார். ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக இருந்ததுதான் சத்தமில்லாமல் உதிர வழி செய்தது. எனக்கு இது அப்கிரேடுக்கான ஆதாரமாகத் தெரியவில்லை, பொருத்தத்துக்கான ஆதாரமாகத் தெரிகிறது.

புதியது பழையதின் குறைகளைத் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை ஒன்று இருக்கிறதே, அதற்கும் கொஞ்சம் சாட்சியம் பார்த்துவிடலாம். எக்செல்லில் 1900-ஆம் ஆண்டு பிப்ரவரிக்கு 29 நாள். நிஜத்தில் 28 தான். 1900 லீப் வருடம் அல்ல. 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 அந்த வருடத்தை லீப் வருடமாகக் கணக்கிட்டது. லோட்டஸ் ஃபைல்கள் தன்னிடம் ஒழுங்காகத் திறக்க வேண்டும் என்பதற்காக எக்செல் அந்தத் தவறையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. லோட்டஸ் போய்ச் சேர்ந்துவிட்டது, தவறு இருக்கிறது. இப்போது திருத்தினால் உலகத்து ஷீட்டுகளில் உள்ள தேதிகள் ஏறக்குறைய எல்லாமே ஒரு நாள் நகர்ந்துவிடும் என்று மைக்ரோசாஃப்டே காரணம் சொல்கிறது. சிங்கப்பெருமாள் கோவிலின் பாடலாத்ரி நரசிம்மர் பல்லவர் காலக் குடைவரையில் மலையோடு மலையாக இருப்பவர். கருவறையை மட்டும் தனியாக வலம் வர வழியில்லை, குன்றையே சுற்றி வர வேண்டும். கடவுளையும் பிழையையும் ஒப்பிடுவது அபசாரம், நான் ஒப்பிடுவது சுற்றுப்பாதையை மட்டும்தான். மைக்ரோசாஃப்டின் புதிய பதிப்புகள் எல்லாம் அந்த 29-ஆம் தேதியைப் பெயர்க்காமல் சுற்றிக்கொண்டே வருகின்றன. உலகத்துக்கு வந்த கதி இன்னும் வேடிக்கை. மார்ச்1, செப்ட்1 என்ற பெயருள்ள மனித ஜீன்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு 2020 வாக்கில் சுமார் 27 ஜீன்களின் பெயரையே மாற்றிவிட்டது. தானாகத் தேதியாக்கும் பழக்கத்தை நிறுத்தும் வசதியை எக்செல் 2023-ல்தான் கொடுத்தது. அதுவரை அப்கிரேட் ஆனது மனிதனின் மரபணுதான்.

பழைய பழக்கம் இருக்கும் கிளார்க்குகள் புதியதில் தடுமாறுவார்கள், வேலை கெடும் என்று சொல்கிற கட்சி ஒன்றும் உண்டு. என் முடிவுக்கு அனுகூலமான வாதம்தான், ஆனால் நியாயத்துக்கு அதைத் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. 2007-ல் மைக்ரோசாஃப்ட் மெனுக்களை ஒழித்து ரிப்பன் வைத்தபோது நாடே பிரின்ட் பிரிவியூவைத் தேடியது. தேடிக் கண்டுபிடித்தும் விட்டது. தவிர, 2003 மெனுவில் எடிட், பேஸ்ட் ஸ்பெஷல், வேல்யூஸ் என்று போக ஆல்ட் இ எஸ் வி தட்டிய விரல்கள் இன்றைய 365-இல் அதையே தட்டினாலும் வேலை நடக்கிறது. மெனு போய்விட்டது, அதன் சாவி இன்னும் பூட்டைத் திறக்கிறது. டாலி ஈ.ஆர்.பி. 9 போய் 2020 நவம்பரில் டாலி பிரைம் வந்தபோதும் அக்கவுண்ட்ஸ் பெண்கள் ஒரு வாரம் முணுமுணுத்தார்கள், அடுத்த வாரம் எஃப்8 தட்டினார்கள். ஆட்களைக் காரணம் காட்டி மாற்றத்தைத் தள்ளிப்போடும் முதலாளி, உண்மையில் தன்னைத்தான் சொல்கிறார்.

இனி பாதுகாப்பு. மறுப்புகளிலேயே கனமானது இதுதான், இந்தச் சாலைக்கு அது செய்தித்தாளில் படித்த தூரத்து சமாசாரமும் அல்ல. 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது; பாதிக்கப்பட்டவற்றில் ஒரகடத்து ரெனோ-நிசான் ஆலையும் ஒன்று என்று அப்போது செய்தி வந்தது. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி என்றால் ஆப்பூர் பக்கத்து பிரஸ் ஷாப் எம்மாத்திரம் என்று கேட்பார்கள். ஆனால் அந்த வைரஸ் நுழைந்த ஓட்டை விண்டோஸில் இருந்தது. அதை அடைக்கும் ஒட்டு மார்ச் 14-ஆம் தேதியே, இலவசமாக, வெளியாகிவிட்டது. உலக அளவில் அதிகம் மாட்டியது விண்டோஸ் 7; அது அப்போது ஆதரவில் இருந்த பதிப்புதான். ஆக, புது வெர்ஷன் வாங்குவது வேறு, இருக்கும் வெர்ஷனுக்கு வந்த ஒட்டை அன்றைக்கே போடுவது வேறு. முதலாவதற்குக் கஸ்டமரைப் பார்த்துக் காத்திருக்கலாம். இரண்டாவதற்குக் காத்திருப்பவர் தன் ஃபைல்களுக்குத் தானே குழி தோண்டுகிறார். வேலை நேரத்தில் கம்ப்யூட்டர் ஸ்லோ ஆகிறது என்று அப்டேட்டை நிறுத்தி வைப்பது இங்கே ஒரு நிர்வாகத் திறமையாகவே கருதப்படுகிறது. அப்டேட்டை நிறுத்தியவரே அடுத்த மேஜையில் புது ஆஃபிஸுக்குக் கொட்டேஷன் கேட்டுக்கொண்டிருப்பார்.

‘சரி, ஒட்டே வராமல் போன 2016-க்கு என்ன சொல்கிறீர்கள்?’ என்று மடக்கலாம். மடங்குகிறேன். 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு 2016, 2019 இரண்டையும் நெட்டோடு இணைத்து வைத்துக்கொண்டு, தெரியாத மெயிலில் வரும் ‘அர்ஜென்ட் பி.ஓ.’ ஃபைலைத் திறப்பது தைரியத்தில் சேராது. மாறித்தான் ஆக வேண்டும். ஆனால் எதற்கு மாறுவது என்ற இடத்தில் என் கட்சி மறுபடி எழுந்து நிற்கிறது. ஒரேயடியாகக் காசு கொடுத்து வாங்கும் ஆஃபிஸ் 2024 ஒன்று, வருடா வருடம் சந்தா கட்டும் 365 ஒன்று. முதலாவது வாங்கிய நாளில் உறைந்துவிடும், 2029 அக்டோபர் வரை ஒட்டு மட்டும் வரும். இரண்டாவது தானாகவே மாறிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் 10-இலும் 2028 அக்டோபர் வரை அதற்குப் பாதுகாப்பு ஒட்டு உண்டு என்று சொல்லியிருப்பதால் கம்ப்யூட்டரை உடனே தூக்கிப்போட வேண்டியதும் இல்லை. கஸ்டமர் சந்தாவில் இருந்து, அவருடைய ஷீட்டில் எக்ஸ்லுக்அப்பைத் தாண்டியும் புதுப்புது ஃபார்முலாக்கள் வர ஆரம்பித்திருந்தால், குவாலிட்டி மேஜைக்கு ஒரு சந்தா. டாலியும் ஆஃப்லைன் டூலுமே உலகம் என்று இருக்கும் அக்கவுண்ட்ஸுக்கு உறைந்தது போதும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே மாதிரி வாங்குவது அழகுக்காகச் செய்வது. கஸ்டமர் ஆடிட்டில் அதற்கு மார்க் கிடையாது.

பணத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தத் தேசத்துச் சிறு ஆபீஸ்களில் பல கம்ப்யூட்டர்களில் இருக்கும் ஆஃபிஸ் வாங்கியதல்ல, வந்தது. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தவர் அன்பளிப்பாகப் போட்டுக் கொடுத்தது. அங்கே ‘அப்கிரேட் செலவு’ என்ற கணக்கே தலைகீழ்: பூஜ்யத்திலிருந்து எந்தத் தொகைக்குப் போனாலும் சதவீதம் முடிவிலி. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. ‘தெரிந்தே’ என்ற சொல்லை நம்பி, டைட்டில் பட்டை சிவந்து ‘ஆக்டிவேஷன் ஃபெயில்ட்’ என்று வருடக்கணக்கில் கத்தினாலும் நிமிர்ந்து பார்க்காத ஆட்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு என் வாதம் பொருந்தாது. முதலில் ஒரு நேர்மையான வெர்ஷன், பிறகு எந்த வெர்ஷன் என்ற விசாரம். விற்கிறவர் பக்கமும் யோக்கியதையில் குறை உண்டு. செயற்கை நுண்ணறிவைச் சேர்த்து 365-இன் விலையை ஏற்றியபோது, அது இல்லாத பழைய விலைத் திட்டம் ஒன்று இருப்பதைச் சொல்லாமல் மறைத்ததாக ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் மேல் வழக்குத் தொடுத்தது. சந்தாவை ரத்து செய்யப் போகிறேன் என்று பாதி வழி நடந்தவர்களுக்குத்தான் அந்த மலிவுத் திட்டம் கண்ணில் பட்டதாம்; பிறகு மைக்ரோசாஃப்டே மன்னிப்புக் கேட்டது. ஆகவே வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குவது கொள்முதல் விதியாகவே இருக்கலாம்.

இத்தனை தொல்லைக்கு இலவச லிப்ரே ஆஃபிஸ் போட்டுவிட்டுப் போகலாமே? இதை எழுப்புகிறவர்கள் நல்லவர்கள். கொள்கையில் அவர்கள் பக்கம்தான் நியாயம். மியூனிக் நகராட்சி 2003-ல் முடிவெடுத்து, லினக்ஸுக்கும் திறந்த மூல ஆஃபிஸுக்கும் வருடக்கணக்கில் பாடுபட்டு மாறியது. 2017-ல் நகரமன்றம் திரும்பவும் விண்டோஸுக்கே போவது என்று ஓட்டுப் போட்டது. அரசியல், அலுப்பு என்று காரணங்கள் பல. வெளியிலிருந்து வரும் ஃபைல்கள் ஒழுங்காகத் திறக்கவில்லை என்ற புகார் அதில் நிரந்தர உறுப்பினர். நம் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2007 வாக்கில் சூசே லினக்ஸ், ஓப்பன் ஆஃபிஸ் பக்கம் துணிச்சலாகப் போனதையும் சொல்ல வேண்டும். அரசாங்கமே தன் துறைகளுக்குக் கஸ்டமர் என்பதால் அது சாத்தியம். டயர் டூ-வுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஜோஹோவின் கதையும் இதையேதான் சொல்கிறது. சிங்கப்பெருமாள் கோவிலில் தாம்பரம் பக்கம் போகும் மின்சார ரயில் ஏறினால் நான்காவது ஸ்டேஷன் கூடுவாஞ்சேரி. அங்கே எஸ்டான்சியா வளாகத்தில் உட்கார்ந்து அவர்கள் செய்யும் ஷீட்டும் ரைட்டரும் உலகமெல்லாம் போகின்றன. ரைட்டர் 2005-லேயே வந்தது. இருபது வருடம் நமக்கு அது பக்கத்து ஊர்ச் சரக்காகவே இருந்தது. 2025 அக்டோபரில் மத்தியக் கல்வி அமைச்சகம் தன் அதிகாரிகளை ஜோஹோ ஆஃபிஸுக்கு மாறச் சொன்னதும், சரக்கின் தரம் அன்று காலைதான் உயர்ந்ததுபோல எல்லோரும் பேசினார்கள். மேலிருந்து உத்தரவு வந்தது, அவ்வளவே. ஒரகடத்தில் ஒரே ஒரு பெரிய கம்பெனி நாளைக்குத் தன் ஷெட்யூலை ஜோஹோ ஷீட் லிங்காக அனுப்பட்டும்; இந்தச் சாலையில் உள்ள அத்தனை டிஸ்பாட்ச் மேஜையும் அடுத்த வாரமே மாறிவிடும், ஒரு கூட்டம்கூடப் போட மாட்டார்கள்.

எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டே இருந்தால் முதலில் யார்தான் மாறுவது என்று தர்க்கம் பேசலாம். மேலேயும் யாரும் முடிவு செய்வதில்லை என்பதுதான் இதில் ரசமான பகுதி. பெரிய கம்பெனியின் 365 ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி தானாக மாறிக்கொள்கிறது. அமெரிக்காவில் எவரோ ஒரு பட்டனை அமுக்கியதால். அந்தக் கம்பெனியின் பிளானிங் இன்ஜினியர் காலையில் வந்து, புதிதாக முளைத்திருக்கும் ஃபார்முலாவைப் போட்டுப் பார்க்கிறார். அது டயர் ஒன்னுக்கு இறங்கி, டயர் டூ-வில் ‘நேம்’ என்று நின்று, டயர் த்ரீ-க்கு வந்து சேரும்போது வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவாகிவிடுகிறது. ஆமாம், மானிட்டரை மொபைலில் படம் பிடித்து, ‘அண்ணே, இந்த மாசம் கணக்கு’ என்று அனுப்புவார்கள். கடைசிப் படியில் இருப்பவருக்கு எக்செல்லே வேண்டாம். அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்து, சுவரில் சாக்பீஸால் 4,800 என்று எழுதிக்கொள்கிறார். சங்கிலி முழுவதிலும் ஃபைல் சிதையாமல் போய்ச் சேர்ந்தது அவருக்குத்தான்.

மாறுவது என்று கஸ்டமர் புண்ணியத்தில் முடிவாகிவிட்டால், என்றைக்கு மாறுவது என்பதே மிச்சம். இதற்கு மட்டும் நம் ஆபீஸுக்குள் யோசிக்க இடமுண்டு. 7-ஆம் தேதி டி.டி.எஸ். கட்ட வேண்டும். 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர். 1. 14-ஆம் தேதி 2பி வந்துவிடும், அந்த ‘என்.ஏ.’ வரிகளோடு மல்லுக்கட்டு. 15-ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ. 20-ஆம் தேதி 3பி. 25-ஐ ஒட்டி அடுத்த மாத ஷெட்யூல் வரும், கூடவே இந்த மாத டார்கெட்டுக்கான டிஸ்பாட்ச் நெரிசல். அந்த நேரத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து ‘65 சதவீதம் முடிந்தது’ என்று காட்டினால் டிரைவர்கள் சேர்ந்து அடிப்பார்கள். ஆக மாதத்தில் 21 முதல் 24 வரை நான்கு நாள். மார்ச் மாதத்தில் அதுவும் கிடையாது. அந்த நான்கில் ஒரு நாள் மாலை, மேக்ரோ உள்ள கஸ்டமர் ஃபைல்களைப் பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றையும் புதியதில் திறந்து, எஃப்2 தட்டி, பிரின்ட் எடுத்து, சிவப்பு வட்டம் கெட்ட பார்ட்டின் மேல்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட வேண்டாம். நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஸ்டோர்ஸ் மூலையில் வையுங்கள். மூன்று நகல் டெலிவரி சலான் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்குப் புதியதில் டிரைவர் கிடைக்காமல் போகலாம்.